மாண்ட்ரியலில் ஏழு மாமன்கள்

தங்கை மகளைக் கூட்டி வருவதற்காக மாண்ட்ரியல் போனேன். தங்கையும் அவள் புருஷனும் இறந்து நாலைந்து மாதம் ஆகியிருந்தது. ரோட்டில் கண்ணாடி மாதிரி ஐஸ் பிடித்துக் கிடந்ததாம். கார் ஒரு சுற்றுச் சுற்றி எதிரே வந்த லாரியில் போய் மோதியது. பிள்ளை அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அதனால் மிஞ்சினாள். பெயர் செல்வி. எட்டு வயது.

நான் காரைக்காலில் லாரி ஓட்டுகிறேன். அஞ்சாவதோடு படிப்பு நின்றது. டிக்கெட் எப்படி வந்தது, எந்த ஊர் வழியாகப் போனேன் என்பதை எல்லாம் எழுதவில்லை. போய் இறங்கினேன்.

இறங்கியதும் மூக்குக்குள் இருக்கிற முடி குத்திட்டு நின்றது. குளிர் என்றால் உடம்பு நடுங்கும் என்று நினைத்திருந்தேன். இந்தக் குளிரில் நடுங்கவில்லை. வலித்தது.

கூட்டிப் போக டாக்டர் ராமநாதன் வந்திருந்தார். தஞ்சாவூர்ப் பக்கம். மெட்ராசில் படித்து, வெகுகாலமாக அங்கே இருக்கிறவர். தங்கை குடும்பத்துக்குப் பழக்கம். ஒரு பெரிய கோட்டைக் கையோடு கொண்டு வந்திருந்தார். என்னைவிட ஒரு மடங்கு பெரிய ஆளுடைய கோட்டு அது.

"போட்டுக்கோங்க. அழகு பாக்கறதுக்கு இங்க யாருக்கும் நேரமில்ல" என்றார்.

ரோட்டில் உப்பைக் கொட்டியிருந்தார்கள். ஐஸ் இளகுவதற்காம். எங்கள் பக்கம் உப்பு லோடு அடித்திருக்கிறேன். அதை ரோட்டில் கொட்டி இப்போதுதான் பார்த்தேன். வண்டிகளின் அடித்தகடெல்லாம் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. மனிதன் வழுக்காமல் இருக்க வண்டி செத்துக்கொண்டிருந்தது. அப்படியும் என் தங்கை வண்டி வழுக்கியது.

செல்வி இருந்த இடம் வில்லரே. அந்தப் பேட்டையில் மாடிப்படி வீட்டுக்கு வெளியே இருக்கிறது. இரும்புப் படி, வளைந்து வளைந்து போகும். மேலே என் தங்கை குடியிருந்த வீடு, பூட்டிக் கிடந்தது. கீழே வீட்டுக்காரம்மா. மதாம் லூசி என்று பெயர். அறுபது வயதிருக்கும், தனி ஆள். அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் இருந்து பிள்ளையைக் கூட்டிவந்தவர் அவர்தான். அதிலிருந்து அவரிடமே இருந்தாள்.

உள்ளே போனோம். செல்வி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அம்மா மூக்கு" என்றாள். அப்புறம் மதாம் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

மதாம் பட்டாணி சூப் கொடுத்தார். நம் பருப்பைக் கெட்டியாகக் கடைந்து பன்றிக்கறி போட்ட மாதிரி. ரொட்டி நன்றாக இருந்தது. காரைக்காலில் பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன நல்ல காரியம் ரொட்டிதான். இங்கேயும் அதே வாசம். சாப்பிடும்போது அவர் ஏதோ கேட்டார். செல்வி தமிழில் சொன்னாள். அவள் தமிழ் தட்டுத் தடுமாறி வந்தது.

"உங்க ஊர்ல குளிருக்கு என்ன போடுவீங்கன்னு கேக்கறாங்க."

"தலையில துண்டு கட்டுவோம்."

அவள் அதைச் சொன்னதும் மதாம் சிரித்துச் சிரித்து இருமினார். பேச்சு தெரியாத இரண்டு பேருக்கு நடுவில் பிள்ளை உட்கார்ந்து இங்குமங்கும் திரும்பிக்கொண்டிருந்தாள்.

என் கையில் ஒரு தீர்ப்பு இருந்தது. அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரை ஆண்டது பிரெஞ்சுக்காரன். அந்தக் காலத்தில் எங்கள் தாத்தா ரெனோன்சான் ஆனார். அதாவது, சாதி வழக்கம் குல வழக்கம் எங்களுக்கு வேண்டாம், குடும்பக் காரியத்துக்குப் பிரெஞ்சு சட்டமே போதும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பிரெஞ்சுக்காரன் போனான், ஊர் இந்தியாவோடு சேர்ந்தது. எழுதிக் கொடுத்தது அப்படியே நின்றுவிட்டது. சொத்துப் பிரிக்கவும், தாய் தகப்பன் இல்லாத பிள்ளைக்குக் காப்பாளர் போடவும் எங்களுக்கு இன்றைக்கும் அந்தப் பழைய பிரெஞ்சு சட்டம்தான்.

அந்தச் சட்டத்தில் குடும்பச் சபை என்று ஒன்று உண்டு. அப்பா பக்கம் மூன்று பேர், அம்மா பக்கம் மூன்று பேர், ஆறு உறவுக்காரர்கள் கோர்ட்டில் உட்கார்ந்து காப்பாளரைச் சொல்ல வேண்டும். காரைக்காலில் உட்கார்ந்தார்கள். தாய்மாமன் நான்தான் என்றார்கள். செல்வியின் பெரியப்பா ஒருவர் பிரான்சில் இருக்கிறார். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தூரத்தில் இருக்கிறவரைக் கூப்பிட வேண்டியதில்லை என்று சட்டத்திலேயே இருக்கிறதாம், கூப்பிடவில்லை. ஜட்ஜ் முத்திரை குத்திக் கொடுத்தார்.

மறுநாள் அதை எடுத்துக்கொண்டு நொத்தேரிடம் போனோம். பத்திரம், குடும்பக் காரியம் பார்க்கிறவரை அங்கே நொத்தேர் என்கிறார்கள். எங்கள் ஊரிலும் அதே பெயர்தான். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குத் தைரியம் வந்தது.

"இந்த ஊர்ச் சட்டமும் பிரான்ஸ்லேர்ந்து வந்ததுதான். உங்களுக்கும் அதே புஸ்தகம், இவாளுக்கும் அதே புஸ்தகம். முடிஞ்சிடும்" என்றார் டாக்டர்.

நொத்தேர் நல்ல மனிதர். தீர்ப்பை இரண்டு கையாலும் வாங்கினார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு முழுதும் படித்தார். அழகாக எழுதியிருக்கிறார்கள் என்றார். மடித்து, என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"ஏன்?" என்றேன்.

டாக்டர் கேட்டுச் சொன்னார். "இது இந்தியாக் கோர்ட்டாம். வேற நாட்டுத் தீர்ப்பு இங்க செல்லாதாம். இங்கயே சபை கூட்டணும்."

"சட்டம் ஒண்ணுதானே?"

"சட்டம் ஒண்ணுதான். நாடு வேறயாம். அப்புறம், இங்க ஏழு பேர் வேணுமாம்."

எங்களுக்கு ஆறு. இவர்களுக்கு ஏழு.

அன்று திரும்பும்போது டாக்டருக்கு ஆஸ்பத்திரியில் வேலை. நான் மெட்ரோவில் தனியாக வந்தேன். பூமிக்குள் ஓடுகிற ரயில். ரயிலுக்கு ரப்பர் டயர் போட்டிருந்தார்கள். நான் குனிந்து டயரைப் பார்த்ததில் ரயில் போய்விட்டது. அடுத்ததில் ஏறினேன். அது எதிர்த் திசையில் போகிற ரயில். கடைசி ஸ்டேஷனில் எல்லோரும் இறங்கினார்கள். நான் உட்கார்ந்திருந்தேன். ஒருவர் வந்து தோளைத் தட்டி ஏதோ சொன்னார். மதாம் எழுதிக் கொடுத்த விலாசச் சீட்டைக் காட்டினேன். அவர் சிரிக்காமல் என் கையைப் பிடித்து எதிர்ப்புறம் கூட்டிப்போய் நிறுத்தினார். முப்பது வருஷமாக ஸ்டியரிங் பிடிக்கிறவனைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போனார்கள்.

ஏழு பேருக்கு டாக்டர் பொறுப்பெடுத்துக்கொண்டார். அவர் வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம், லவாலில். ஞாயிற்றுக்கிழமை எனக்கும் செல்விக்கும் அங்கே சாப்பாடு. அவர் சம்சாரம் சாம்பார் வைத்திருந்தார். துவரம்பருப்பு கிடைக்காதாம், ஏதோ சிவப்புப் பருப்பு. கறிவேப்பிலையும் இல்லை. "கண்ணை மூடிண்டு சாப்பிடுங்கோ அண்ணா, சாம்பார் மாதிரி இருக்கும்" என்றார். அப்படித்தான் சாப்பிட்டேன்.

காலேஜ் வாத்தியார், இன்ஜினியர் என்று ஐந்து பேர் வந்திருந்தார்கள். எல்லோரும் தமிழ்நாட்டுக்காரர்கள். டாக்டரோடு ஆறு, என்னோடு ஏழு. எல்லோருக்கும் செல்வியைத் தெரியும். அவள் ஒவ்வொருவராகப் பார்த்து மாமா, மாமா என்று மடியில் ஏறினாள். என்னிடம் இன்னும் வரவில்லை.

ஒரு இன்ஜினியர் கேட்டார். "நாங்க யாரும் சொந்தமில்லையே டாக்டர், பரவாயில்லையா?"

"கல்யாணத்துல பொண்ணு பக்கம் ஆள் கொறைச்சலா இருந்தா நாம போய் நிக்கறதில்லையா? அந்த மாதிரிதான்" என்றார் டாக்டர்.

எனக்கும் சரியாகத்தான் பட்டது. எங்கள் தெருவில் அப்படி எத்தனை கல்யாணத்தில் நின்றிருக்கிறேன். தாம்பாளம் தூக்கியிருக்கிறேன். யாரும் நீ யார் என்று கேட்டதில்லை.

சபை நொத்தேர் ஆபீசில் கூடியது. செல்வியையும் அழைத்திருந்தார். டாக்டர் இங்கிலீஷில் ஆரம்பித்தார். நொத்தேர் கையைக் காட்டி நிறுத்தினார். அவருக்கு இங்கிலீஷ் தெரியும். ஆனால் அந்த மாகாணத்தில் தனிநாடு கேட்கிற கட்சி ஜெயித்து ஆட்சிக்கு வந்திருந்த சமயம். இது எங்கள் சட்டம், எங்கள் பாஷையில் நடக்கட்டும் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். டாக்டரின் பிரெஞ்சு ஆஸ்பத்திரிப் பிரெஞ்சு. எங்கே வலிக்கிறது, மூச்சை இழு என்பதற்கு மேல் சரளமாக வராது. நொத்தேர் பார்த்தார். பிள்ளையை முன்னால் கூப்பிட்டுச் சிரித்துக்கொண்டே ஏதோ கேட்டார்.

அவள் ஆறு பேரையும் வரிசையாகக் கை காட்டினாள். ஒவ்வொருவருக்கும் ஒரே சொல் சொன்னாள். மொனோங்க்ல். மொனோங்க்ல். கடைசியில் என்னைக் காட்டினாள். எனக்கும் மொனோங்க்ல்.

"மாமாங்கறா. அவர் யார் யார்னு கேட்டார்" என்று டாக்டர் காதில் சொன்னார்.

நொத்தேருக்குச் சந்தோஷம். ஒரு பிள்ளைக்கு இத்தனை மாமன்மார் இருக்கிறார்களே என்று எழுதத் தொடங்கினார். பிறகு எந்தப் பக்கம் என்று கேட்டார். அதற்குச் செல்விக்குப் பதில் தெரியவில்லை. டாக்டர் புரிந்துகொண்டு எழுந்தார். சட்டத்துக்கு இரண்டு பக்கமும் வேண்டும் அல்லவா. "நீங்க மூணு பேர் அப்பா பக்கம் நில்லுங்கோ. நாங்க அம்மா பக்கம்" என்று பிரித்து நிறுத்தினார். எல்லோரும் லேசாகச் சிரித்தார்கள். நொத்தேர் எழுதியதை வேகமாக வாசித்தார். கையெழுத்துப் போட்டோம். செல்வியை என்னிடம் கொடுக்க ஏழு பேரும் சம்மதம்.

வெளியே வந்ததும் டாக்டர் என் முதுகைத் தட்டினார். "நம்மளையெல்லாம் மாமான்னே எழுதிட்டார். நல்ல மனுஷன்."

அன்று சாயங்காலம் செல்வி முதல் தடவையாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். காரைக்காலில் பனி விழுமா என்றாள். விழாது என்றேன். சறுக்கு வண்டியை என்ன செய்வது என்றாள். மணலில் இழுக்கலாம் என்றேன். யோசித்தாள். மணல் கனமா என்றாள். நான் இழுக்கிறேன் என்றேன். மதாம் அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அவர் ரேடியோவை நிறுத்தவும் இல்லை, கேட்கவும் இல்லை.

கோர்ட்டு அதை உறுதி செய்ய வேண்டும். அதற்குள் பிரான்சுத் தூதரகத்தில் இருந்து ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள், டாக்டரோடு போனேன். டவுன்டவுனில் உயரமான கட்டடம். சின்னப் பையன் மாதிரி ஒரு அதிகாரி. அவருக்கு இங்கிலீஷ் பேசத் தடையில்லை. டாக்டர் தமிழில் மாற்றிச் சொன்னார். பிள்ளையின் தகப்பன் பிரெஞ்சுப் பிரஜை. ஊர் கைமாறியபோது எந்த நாடு வேண்டும் என்று கேட்டார்கள், ஒப்சியோன் என்போம். மாப்பிள்ளை பிரான்சை எடுத்தார். நான் எடுக்கவில்லை. அதனால் பிள்ளை பிரெஞ்சு. பிறந்தது இங்கே, அதனால் கனடாவும். தாய் இந்தியா. இப்போது பிரான்சில் இருக்கிற பெரியப்பா பிள்ளையைக் கேட்டு மனுப் போட்டிருக்கிறார். அங்கே ஒரு ஜட்ஜ் அவர் பெயருக்கு உத்தரவும் போட்டுவிட்டார்.

"அங்கயும் ஆறு பேரா?" என்றேன்.

அதை மாற்றிவிட்டோம் என்றார் அதிகாரி. இப்போது நாலு பேர் போதுமாம்.

ஒரே புத்தகம். காரைக்காலில் ஆறு, மாண்ட்ரியலில் ஏழு, பிரான்சில் நாலு.

அவர் நல்லபடியாகவே பேசினார். ஐரோப்பாவில் பல நாடுகள் சேர்ந்து சட்டங்களை ஒன்றாக்கிக்கொண்டு வருகிறோம் என்றார். வெண்ணெய்க்கு, இரும்புக்கு, லாரிக்கு.

லாரி என்றதும் கேட்டேன். "எல்லையில நிறுத்த மாட்டாங்களா?"

"இப்ப நிறுத்தறாங்களாம். கொஞ்ச காலத்துல நிறுத்த மாட்டாங்களாம்."

எனக்கு வாஞ்சூர் செக்போஸ்ட் ஞாபகம் வந்தது. காரைக்காலுக்கும் நாகூருக்கும் நடுவில் இருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே நாடு. இருந்தும் ஒவ்வொரு நடையும் தார்ப்பாயை அவிழ்க்கச் சொல்வார்கள்.

"பிள்ளைக்கும் ஒரே சட்டம் ஆக்குறாங்களா?"

டாக்டர் கேட்டார். குடும்ப விஷயத்தை எந்த நாடும் விட்டுக்கொடுக்காது, அது கடைசியில்தான் வரும் என்றார் அதிகாரி. அப்படி வந்தாலும் அவர்களுக்குள்தான். காரைக்கால் ஐரோப்பாவில் இல்லையே என்றார். கேலியாகச் சொல்லவில்லை. வரைபடத்தில் இருப்பதைச் சொன்னார்.

பெரியப்பாவின் மனு மாண்ட்ரியல் கோர்ட்டுக்கும் வந்திருந்தது. அதில் ஒரு வரி. இறந்தவனுக்கு உடன்பிறந்தவன் நான் ஒருவன்தான், இறந்தவளுக்கு அண்ணன் ஒருவன்தான். அவ்வளவுதான் எழுதியிருந்தார். உண்மையைத்தான் எழுதியிருந்தார்.

கோர்ட்டில் முடிவு சொல்கிற அதிகாரி ஒரு அம்மாள், எங்கள் சபைப் பத்திரத்தை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏழு மாமன்கள். பிரெஞ்சில் பெரியப்பா, சித்தப்பா, மாமன் எல்லோருக்கும் மொனோங்க்ல் ஒன்றுதானாம், அதனால் பத்திரத்தில் மூன்று பேர் அப்பாவின் அண்ணன் தம்பிகள், நாலு பேர் அம்மாவின் அண்ணன் தம்பிகள். ஏழு பேருக்கும் வேறு வேறு ஊர், வேறு வேறு தகப்பன் பெயர். டாக்டர் எழுந்து விளக்கினார். எங்கள் வழக்கத்தில் அப்பாவின் நண்பர் எல்லோரும் மாமாதான், மரியாதைக்குச் சொல்வது என்றார். அவர் முகம் சிவந்திருந்தது. அந்த ஊரில் இத்தனை வருஷம் கௌரவமாக இருந்தவர்.

அந்த அம்மாள் கேட்டுவிட்டு ஒன்று சொன்னார். டாக்டர் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன சார் சொன்னாங்க?"

"உறவுக்காரா இல்லேன்னா சிநேகிதா உக்காரலாமாம். சட்டத்துலயே இருக்காம். சிநேகிதான்னு சொல்லியிருந்தா போதுமாம்."

சபை செல்லாது. இனிப் புதிதாகக் கூட்டலாம். ஆனால் பொய் சொன்ன சபை என்று பதிவாகிவிட்டது. அதை விசாரித்து முடிக்க மாதங்கள் ஆகும். அதுவரை பிள்ளையைச் சொந்தமில்லாத மதாமிடம் விட முடியாது, சர்க்கார் விடுதியில் வைப்பார்கள். என் விசா அதுவரைக்கும் தாங்காது. பெரியப்பாவுக்கு நான் சம்மதித்தால் விடுதி வேண்டாம். மதாம் வீட்டிலிருந்து நேரே பிரான்ஸ் போகலாம்.

"யோசிச்சு சொல்லுங்கோ. நாளைக்குச் சொன்னா போதும்" என்றார் டாக்டர்.

நாளைக்கு என்ன மாறிவிடும். சம்மதம் என்றேன். கை காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

காரில் போகும்போது டாக்டர், "நான் பிரிச்சு நிறுத்தியிருக்கக் கூடாது" என்றார். நானும்தான் போய் நின்றேன். வில்லரேயில் இறக்கிவிட்டுவிட்டு அவர் உள்ளே வரவில்லை.

மதாமுக்கு நொத்தேர் போனில் சொல்லியிருந்தார். மேசையில் சாப்பாடு வைத்திருந்தார். வேகவைத்த மொச்சை மாதிரி ஒன்று, அதில் ஏதோ மரத்துப் பாகு ஊற்றி இனிப்பாக இருந்தது. அவர் கண் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்துக் கோபமாகப் பேசினார். என்மேல் கோபம் இல்லை. செல்வி சொன்னாள்.

"எங்க நாடு தனியா வந்ததும், எங்க சட்டம் நாங்களே எழுதுவோம், அப்ப யாரும் வந்து பிள்ளைய எடுக்க முடியாதுன்னு சொல்றாங்க."

நான் மெதுவாகச் சொன்னேன். "எங்களுக்கு நாடு வந்துச்சு. சட்டம் அப்படியேதான் இருந்துச்சுன்னு சொல்லு."

சொன்னாள். மதாம் ரொட்டியை வெட்டி என் தட்டில் வைத்தார்.

பிறகு செல்வி கேட்டாள். "நான் பிரான்சுக்குப் போறனா?"

"ஆமாம்."

"அங்க யார் இருக்காங்க?"

"உன் பெரியப்பா. அப்பாவோட அண்ணன்."

அவளுக்கு அந்தச் சொல் தெரியவில்லை. மதாமைப் பார்த்து ஏதோ கேட்டாள். மதாம் ஒரு வார்த்தை சொன்னார்.

"மொனோங்க்லா?" என்றாள் என்னிடம்.

"ஆமாம்."

"உங்க மாதிரியா?"

ஆமாம் என்றேன்.

"அப்ப சரி" என்றாள். கரண்டியை எடுத்துச் சாப்பிடத் தொடங்கினாள்.